எலைசா பேசினாள், கேட்டது யார்?

ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறைவான வாரம். அதனால் ரொம்ப நாளாக டிராஃப்டில் கிடந்த இந்தப் பதிவைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். இங்கிலீஷ் வகுப்புக்குள் மெஷின் நுழைந்த கதை. சுமார் 150 வருஷக் கதை என்பதால் பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க மக்கா.

ஏன் இப்போ இந்தக் கதை? "ஏ.ஐ. வந்தாச்சு, இனிமே இங்கிலீஷ் டீச்சர் எதுக்கு?" என்று எங்கள் டீமில் ஒருத்தர் கேட்டார். கேள்வி புதுசு மாதிரி இருந்தாலும் புதுசில்லை. கிராமபோன், ரேடியோ, டேப் ரிக்கார்டர், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றும் வந்தபோது யாரோ ஒருத்தர் இதையே கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று தேடிப் படித்ததில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பொட்டி தட்டுறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த சிஸ்டம் மெதுவாக ஓடினாலும் "எங்கே அடைச்சுக்குது?" என்றுதான் முதலில் பார்ப்போம். இங்கிலீஷ் வகுப்பையும் அப்படியே பார்ப்போமே. வகுப்பில் 40 பேர், பீரியட் 40 நிமிஷம். டீச்சர் வாயே திறக்காமல், அட்டெண்டன்ஸ்கூட எடுக்காமல், முழு நேரத்தையும் பிள்ளைகளுக்கே கொடுத்தாலும் ஆளுக்கு ஒரு நிமிஷம். நீச்சல் குளத்தில் ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் இறங்கி நீச்சல் கற்றுக்கொள்வது மாதிரி. மொழி வகுப்புக்குள் வந்த மெஷின்கள் எல்லாமே இந்த ஒரு நிமிஷத்தைப் பெரிசாக்கத்தான் வந்தன.

எடிசன் போட்ட லிஸ்ட்

தாமஸ் ஆல்வா எடிசன் போனோகிராஃபைக் கண்டுபிடித்தது 1877-ல். அடுத்த வருஷமே, 1878-ல், ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இந்த மெஷின் எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பட்டியல் போட்டார். கடிதம் சொல்லி எழுத வைக்க, பார்வையற்றவர்களுக்குப் பேசும் புத்தகம் கொடுக்க, பாட்டுக் கேட்க, சாகப்போகும் பெரியவர்களின் குரலைச் சேர்த்து வைக்க என்று போகிற அந்த லிஸ்டில், உச்சரிப்புச் சொல்லிக்கொடுப்பதும் மொழிகளை உச்சரிப்போடு பாதுகாப்பதும் உண்டு. அதாவது, இசைத்தட்டு வியாபாரம் என்ற ஒன்று உருவாவதற்கு முன்னாடியே, இது பேச்சு கற்றுக்கொடுக்கும் என்று அதைச் செய்தவர் சொல்லிவிட்டார்.

அதை நிஜமாகவே செய்து காட்டியவர்களில் ஒருவர் ஜாக் ராஸ்டன். மொழிபெயர்ப்பாளர், மொழி ஆசிரியர். லண்டனில் 1901-ல் லிங்குவாஃபோன் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். முதலில் மெழுகு உருளை, பிறகு இசைத்தட்டு. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டைச் சுழல விடலாம். ஒரே வாக்கியத்தை நூறு தடவை கேட்டாலும் தட்டுக்குச் சலிக்காது, கோபம் வராது, "எத்தனை தடவைடா சொல்றது" என்று காதைத் திருகாது. ஆசிரியரின் வாயைப் பெட்டியில் அடைத்து வீட்டுக்கு அனுப்பியாச்சு.

அந்த நிறுவனத்துக்காக 1927-ல் பெர்னார்ட் ஷா இங்கிலீஷ் பேச்சு பற்றி ஒரு இசைத்தட்டில் பேசிக் கொடுத்தார். கேட்டால் சிரிப்பு வரும். மனுஷன் முதலில் பிரச்சினை பண்ணுவதே மெஷினோடுதான். தட்டைத் தப்பான வேகத்தில் சுழல விட்டால் நீங்கள் கேட்பது என் குரலே இல்லை, வேகத்தைச் சரி பண்ணிவிட்டு வாங்க என்கிறார். அப்புறம், சரியான இங்கிலீஷ் என்று ஒன்றே ஒன்று கிடையாது, இரண்டு பேர் ஒரே மாதிரி பேசுவதில்லை என்கிறார். இப்போது பேசுகிற அளவுக்குத் திருத்தமாக வீட்டில் மனைவியிடம் பேசினால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பாள் என்றும் சொல்கிறார். கடைசியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு யோசனை: இங்கிலாந்துக்கு வந்தால் ரொம்ப சுத்தமாகப் பேச முயற்சி பண்ணாதீங்க, உடைஞ்ச இங்கிலீஷ் பேசுங்க, அப்போதான் உங்களை வெளியூர்க்காரர் என்று புரிந்துகொண்டு உதவி செய்வார்கள்.

உச்சரிப்பு கற்றுக்கொடுக்க விற்கிற தட்டில் இப்படிப் பேச தைரியம் வேணும்! ஆனால் ஷா சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எப்படிப் பேசுகிறோம் என்பதை எதிரில் யார் கேட்கிறார்கள் என்பது தீர்மானிக்கிறது. தட்டுக்கு எதிரில் இருப்பது யார் என்று தெரியாது.

ஹிக்கின்ஸின் ஆய்வகம்

ஷாவைச் சொல்லிவிட்டு அவருடைய 'பிக்மேலியன்' நாடகத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1913-ல் வியன்னாவில் முதலில் மேடையேறியது, 1914-ல் லண்டனில். 'மை ஃபேர் லேடி' என்று 1964-ல் படமாக வந்தது இதுதான். பூ விற்கும் எலைசா டூலிட்டிலுக்குப் பேராசிரியர் ஹிக்கின்ஸ் சீமாட்டி மாதிரி இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கும் கதை.

இரண்டாம் அங்கத்தில் ஹிக்கின்ஸின் அறையை ஷா விவரிக்கிற இடத்தைத் தேடிப் படியுங்கள். போனோகிராஃப், மெழுகு உருளைகள், குரல்வளையைப் பார்க்கும் கருவி, இசைக்கவைகள்... அந்தக் காலத்து ஹைடெக் லேப். எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பது இந்தக் கருவிகளையும் ஹிக்கின்ஸின் திட்டுகளையும்தான். ஆனால் கடைசி அங்கத்தில் எலைசா வேறொன்று சொல்கிறாள். தன்னுடைய படிப்பு உண்மையில் தொடங்கியது, முதல் நாள் கர்னல் பிக்கரிங் தன்னை 'மிஸ் டூலிட்டில்' என்று மரியாதையாகக் கூப்பிட்டபோதுதான் என்கிறாள். லேபுக்கு நன்றி சொல்லவில்லை, மெஷினுக்கும் சொல்லவில்லை. தன்னை மனுஷியாக மதித்துக் காது கொடுத்த ஒருத்தருக்குத்தான் அந்தப் பெருமையைக் கொடுத்தாள்.

படத்தில் முடிவு இன்னும் நேரடி. எலைசா போய்விட்ட சோகத்தில் ஹிக்கின்ஸ் அவளுடைய பழைய பேச்சின் பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் வந்து மெஷினை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தானே பேசுவாள்.

ஸ்புட்னிக் பறந்தது, ஹெட்போன் வந்தது

அடுத்த கட்டம் இரண்டாம் உலகப் போர். பி.பி.சி. 1943-ல் ரேடியோவில் இங்கிலீஷ் பாடம் ஒலிபரப்ப ஆரம்பித்தது. அதே வருஷம் அமெரிக்க ராணுவம் பல்கலைக்கழகங்களை வைத்து ஒரு பெரிய பயிற்சித் திட்டம் நடத்தியது. அதில் ஒரு பகுதி, சிப்பாய்களுக்கு வெளிநாட்டு மொழிகளைப் பேசக் கற்றுக்கொடுப்பது. சின்னச் சின்னக் குழுக்கள், தினமும் பல மணி நேரம், எதிரில் அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர். கேட்பார், திருத்துவார், திரும்பப் பேசச் சொல்வார். நன்றாகவே வேலை செய்தது என்று பெயர் வாங்கியது.

இதைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை வருவது இயல்புதானே? ஆனால் ஒவ்வொரு சின்னக் குழுவுக்கும் ஓர் ஆளை எங்கே தேடுவது? அந்த நேரம் பார்த்து டேப் ரிக்கார்டர் சந்தைக்கு வந்திருந்தது. ஆள் பேசுவதை டேப்பில் பதிந்துவிட்டால் ஆள் வேண்டியதில்லையே!

பணம்தான் பாக்கி. அதைக் கொண்டுவந்தது ரஷ்யாவின் ஸ்புட்னிக். 1957 அக்டோபர் 4-ல் அது விண்ணுக்குப் போனதும் அமெரிக்காவுக்குத் தூக்கம் போனது. 1958 செப்டம்பரில் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. விஞ்ஞானம், கணக்கு, அவற்றோடு அயல்மொழிகள். இவற்றுக்குக் கருவி வாங்கவே அந்தச் சட்டத்தில் தனியாக நிதி. அடுத்த சில வருஷங்களில் அமெரிக்கப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கில் மொழி ஆய்வகங்கள் முளைத்தன. தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறை, ஹெட்போன், மைக், டேப். முன்னால் டீச்சருக்கு பட்டன்கள் நிறைந்த ஒரு மேஜை. கிட்டத்தட்ட விமானத்தின் காக்பிட்.

இப்போ நம்ம கணக்குக்கு வாங்க. முன்பு 40 பேரில் ஒருத்தர் பேசும்போது 39 பேர் சும்மா இருந்தார்கள். இப்போது 40 பேரும் ஒரே நேரத்தில் பேசலாம். ஆளுக்கு ஒரு நிமிஷம் என்பது 40 நிமிஷமாகிவிட்டது! சூப்பர்தானே?

ஆனால் டீச்சரின் மேஜையில் எத்தனை பட்டன் இருந்தாலும் டீச்சருக்குக் காது ஒரு ஜோடிதான். ஒரு பட்டனை அமுக்கி ஒரு பையனைக் கேட்கும்போது மற்ற 39 பேரும் பேசுவது காற்றோடு போகிறது. யாரோ ஒருத்தர் கேட்கும் நேரம் பழையபடி ஆளுக்கு ஒரு நிமிஷம்தான். பேசுகிற பக்கத்தில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டு, கேட்கிற பக்கத்தில் இருந்த அடைப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். சர்வர் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு ரிக்வெஸ்டை மட்டும் நாற்பது மடங்கு ஏற்றினால் என்ன ஆகும் என்று நம்ம ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ராணுவத் திட்டத்திலிருந்து டிரில்லை எடுத்துக்கொண்டார்கள், பேச்சை எடுத்துக்கொண்டார்கள். எதிரில் உட்கார்ந்து கேட்ட ஆளை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கணக்குப் பார்த்த வருஷங்கள்

1963-ல் ரேமண்ட் கீட்டிங் என்பவர் ஓர் ஆய்வு வெளியிட்டார். நியூயார்க் வட்டாரத்தில் பிரெஞ்சு படித்த ஏறக்குறைய 5000 மாணவர்கள். லேபில் படித்தவர்களையும் லேப் இல்லாமல் படித்தவர்களையும் ஒப்பிட்டார். முதல் வருஷத்துப் பேச்சுப் பயிற்சி தவிர, மற்ற இடங்களில் லேப் கூட்டத்துக்குப் பெரிய லாபம் தெரியவில்லை, பின்தங்கிய இடங்களும் உண்டு. பெரிய சண்டை நடந்தது. லேபை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்காமல் பொத்தாம்பொதுவாக ஒப்பிட்டால் எப்படி என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அப்புறம் 1960களின் பிற்பாதியில் பென்சில்வேனியாவில் பெரிய அளவில் இன்னொரு ஆய்வு. வாரம் இரண்டு தடவை லேபுக்குப் போவதால் அளக்கக்கூடிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று அதுவும் சொன்னது. 1970களில் பல லேப்கள் தூசி படிந்தன.

நம்ம ஊர் இன்ஜினியரிங் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இது பழகின காட்சிதானே? எங்கள் கல்லூரியிலும் மொழி ஆய்வகம் இருந்தது. ஏ.சி. ரூம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகணும். டேப்புக்குப் பதில் கம்ப்யூட்டர், மற்றபடி 1960-ல் அமெரிக்காவில் இருந்த அதே தடுப்பு, அதே ஹெட்போன். ஒரு வெள்ளைக்காரர் குரல் ஏர்போர்ட்டில் செக்-இன் பண்ணும். நாங்களும் கூடவே செக்-இன் பண்ணுவோம். எங்கள் பேட்சில் பாதிப் பேர் அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. தமிழ் மீடியத்திலிருந்து வந்த நண்பன் ஒருத்தன் அந்த ஒரு மணி நேரமும் மைக்கில் விடாமல் பேசுவான். பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் எதிரில் மனிதர்கள் உட்கார்ந்ததும் வாயடைத்துப் போனான். மூன்று வருஷம் படித்ததில் அவன் பேசின இங்கிலீஷைக் காது கொடுத்துக் கேட்ட முதல் ஆட்கள் அந்த இன்டர்வியூ பேனல்காரர்கள்தான்! சோதிக்க மட்டும் கேட்கிற காது, பழக்க ஒரு காது கிடையாது.

இடைவெளி விட்ட ரேடியோவும் கரும்பலகையும்

எல்லா முயற்சியும் தோற்றது என்று சொல்ல வரவில்லை. கென்யாவில் 1980களின் முதல் பாதியில் ஒரு திட்டம் நடந்தது. ஆரம்பப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளுக்கு ரேடியோவில் இங்கிலீஷ். அதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. ரேடியோ ஒரு கேள்வி கேட்கும், சில வினாடி சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் பிள்ளைகள் சத்தமாகப் பதில் சொல்வார்கள். பிறகு ரேடியோ சரியான பதிலைச் சொல்லும். பாட்டு உண்டு, எழுந்து நின்று செய்கிற வேலை உண்டு. தேர்வு வைத்துப் பார்த்தபோது ரேடியோவோடு படித்த பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள்.

ரேடியோவுக்குக் காது கிடையாதுதான். ஆனால் கேட்பது மாதிரி இடைவெளி விட்டது. முக்கியமாக டீச்சரை வெளியே அனுப்பவில்லை. ரேடியோ கேள்வி கேட்கிற வேலையை எடுத்துக்கொண்டதால் வகுப்பில் நிற்கும் டீச்சருக்கு, யார் பதில் சொல்கிறார்கள், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று கவனிக்க நேரம் கிடைத்தது.

இன்னொரு கதை நம்ம பக்கத்துக் கதை. என்.எஸ்.பிரபு, சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். மெஷினே கிடையாது, கரும்பலகையும் சாக்பீஸும்தான். இலக்கணப் பாடமும் டிரில்லும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த ரயிலைப் பிடித்தால் நேரத்துக்குப் போகலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒரு மேப்பைக் கொடுத்து வழி கேட்டார்கள். பையன் அரைகுறை இங்கிலீஷில் சொன்னாலும் ரயில் சரியான ரயிலாக இருந்தால் பதில் சரி. டீச்சர் அதையே நல்ல வாக்கியமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். இன்றைக்கு உலகம் முழுக்க மொழி ஆசிரியர் பயிற்சியில் படிக்கிற செயல்வழி மொழிக் கற்பித்தலின் தொடக்கப் புள்ளிகளில் இது ஒன்று. கடலூர்க்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம் :-)

அங்கே டீச்சர் கேட்டது உச்சரிப்பை இல்லை, பிள்ளை என்ன சொல்ல வருகிறது என்பதை. டேப் ரிக்கார்டருக்கு வராதது அதுதான்.

கேட்கிற மாதிரி ஒரு மெஷின்

கதை இப்போது என் ஏரியாவுக்குள் வருகிறது. எம்.ஐ.டி.யில் ஜோசஃப் வைசன்பாம் 1966-ல் ஒரு புரோகிராமை வெளியிட்டார். நாம் டைப் பண்ணுவதிலிருந்து சில சொற்களைப் பிடித்து, அதையே கேள்வியாக மாற்றித் திருப்பிக் கேட்கும். மனநல மருத்துவர் பேசுவது மாதிரியே இருக்கும். உள்ளே புரிதல் என்று ஒன்றும் கிடையாது. அந்த புரோகிராமுக்கு அவர் வைத்த பெயர் எலைசா! நம்ம பூக்கார எலைசாவேதான். சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க நன்றாகப் பேசும் என்பதால் அந்தப் பெயர். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த அவருடைய செக்ரட்டரியே, அதனோடு பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், "நீங்க கொஞ்சம் வெளியே இருங்களேன்" என்றாராம். வைசன்பாம் ஆடிப்போனார். கம்ப்யூட்டருக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று 1976-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

மனுஷருக்குக் கேட்கிற காதுக்கு எவ்வளவு பசி பாருங்க. காது மாதிரி ஒரு அட்டையை வைத்தாலே மனசைத் திறந்துவிடுகிறோம்.

அப்புறம் நிஜமாகவே ஒலியைக் கேட்கிற மெஷின் வந்தது. ஹைதராபாத்தில் சுகதா மித்ராவும் அவருடைய குழுவும் செய்த ஒரு சோதனை 2003-ல் வெளியானது. குறைந்த கட்டணத் தனியார் பள்ளியில் படிக்கும் 16 பிள்ளைகள், பேசுவதை எழுத்தாக்கும் மென்பொருள் உள்ள ஒரு கம்ப்யூட்டர். அவர்கள் பேசின இங்கிலீஷ் அதற்கு முதலில் சரியாகப் புரியவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே குழுவாக உட்கார்ந்து, அதற்குப் புரிகிற வரைக்கும் பேசிப் பேசிப் பார்த்தார்கள். உச்சரிப்பு மாறியது. சின்ன சோதனைதான், ஆனால் நூறு வருஷத்துக்கு மேலாக அடைத்திருந்த இடத்தில் முதல் தடவை ஒரு வழி திறந்தது.

ஆனால் யார் யாருக்காக மாறினார்கள் என்று கவனியுங்கள். பிள்ளைகள் மெஷினுக்காக மாறினார்கள். மெஷினின் காது யாருடைய பேச்சில் பழகியது என்பது முக்கியம். 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறியும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். அமெரிக்க வெள்ளையர்கள் பேசியதில் சராசரியாக 100 சொல்லுக்கு 19 சொல் தப்பு. அமெரிக்கக் கறுப்பர்கள் பேசியதில் 35 தப்பு. இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு இந்த கதி. அதற்குப் பிறகு தரம் முன்னேறி வருகிறது. ஆனாலும் விருதுநகரிலிருந்து ஒரு ஏழாம் வகுப்புப் பையன் பேசும்போது அது தப்பு என்று சொன்னால், தப்பு அவன் வாயிலா, மெஷினின் காதிலா என்று அவனுக்கு யார் சொல்வது?

அக்கா சொன்னது

என் பெரியம்மா பொண்ணு அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். ஏழாம் வகுப்பில் 36 பேர். வகுப்பில் ஸ்பீக்கர் வைத்துப் பார்த்தாள், ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டுப் பார்த்தாள். "பிள்ளைங்க நல்லா கேக்குதுங்கடா, பேசத்தான் மாட்டேங்குதுங்க" என்றாள். கடைசியில் நின்றது ரொம்ப சாதாரணமான ஒன்று, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ். வாரம் ஒரு தடவை, ராத்திரி அப்பாவோ அம்மாவோ வீட்டுக்கு வந்ததும் அவர்களுடைய போனில் ஒரு நிமிஷம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசி அனுப்பணும். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மதிய இடைவேளையில் அக்காவின் போனிலேயே பேசலாம்.

வகுப்பில் வாயே திறக்காத பொண்ணு ஒன்று ஆட்டுக்குட்டியைப் பற்றி அனுப்பியது. "ஷி ஈட் மை சயின்ஸ் நோட்." அக்கா இலக்கணம் எதுவும் சொல்லவில்லை. "அய்யோ, ஷி ஏட் யுவர் சயின்ஸ் நோட்? வாட் டிட் யூ டெல் யுவர் சயின்ஸ் டீச்சர்?" என்று பதில் அனுப்பினாள். அடுத்த வாரம் வந்த மெசேஜ் ஒன்றரை நிமிஷம். அதில் 'ஏட்' இருந்தது. சயின்ஸ் டீச்சரிடம் சொன்ன பொய்யும் இருந்தது! கடலூரில் கரும்பலகையோடு நடந்ததும் இதுதானே.

ஆனால் இந்தக் காதுக்கு ஒரு விலை உண்டு. 36 நிமிஷம் கேட்கணும், ஆளுக்கு அரை நிமிஷமாவது பதில் சொல்லணும். வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு வகுப்புக்கு மட்டும். அவளுக்கு நான்கு வகுப்பு. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் ஹெட்செட்டோடு கேட்கிறாள். இந்த ஒரு மணி நேரம் எந்த டைம்டேபிளிலும் கிடையாது. இதற்கு ஆள் எடுக்கிற திட்டமும் நான் பார்த்ததில்லை. ஸ்மார்ட் போர்டுக்கு டெண்டர் உண்டு, காதுக்கு டெண்டர் கிடையாது.

"அக்கா, நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தர்றேன், அதுவே கேட்டு மார்க் போட்டுடும்" என்றேன்.

"மார்க் நான் போட்டுக்குவேன்டா. போன வாரம் எந்தப் பிள்ளை என்ன சொல்லுச்சுன்னு எனக்கு ஞாபகம் நிக்க மாட்டேங்குது. அதுக்கு ஏதாவது வழி இருந்தா பண்ணிக் கொடு. ஆட்டுக்குட்டி எப்படி இருக்குன்னு நான் கேக்கணும்ல?"

அதனால் ஏ.ஐ. எதுவும் இல்லாமல் ஒரு சாதாரண எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தேன். பிள்ளை பெயர், தேதி, என்ன சொன்னது, அடுத்து என்ன கேட்கணும். நாலே காலம். பதிவுகள் அவள் போனைத் தாண்டி எங்கேயும் போகவில்லை. நான் எழுதின எந்த சாஃப்ட்வேருக்கும் இவ்வளவு நல்ல யூசர் அமைந்ததில்லை.

எடிசன் காலத்திலிருந்து இப்போது வரை பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான். டீச்சரின் வாய்க்குப் பதிலாக வந்த மெஷின்கள் தூசி படிந்தன. டீச்சரின் காதுக்கு நேரம் மிச்சம் பிடித்துக் கொடுத்தவை, கென்யா ரேடியோ மாதிரி, கொஞ்சமாவது வேலை செய்தன. இப்போது வருகிற ஏ.ஐ. கருவிகளில் எது எந்தப் பக்கம் என்று வாங்குவதற்கு முன்னாடியே கேட்டுவிடலாம்: இது டீச்சரை வெளியே அனுப்பவா, அவர் இன்னும் பத்துப் பிள்ளைகளைக் கூடுதலாகக் கேட்கவா?

வலையுலகில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கீங்க. உங்கள் வகுப்பில் எது வேலை செய்தது, எது பீரோவுக்குப் போனது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்க. மற்றவர்கள், நீங்கள் முதன்முதலில் தப்பும் தவறுமாகப் பேசின இங்கிலீஷைச் சிரிக்காமல் கேட்டது யார் என்று சொல்லுங்க.

டிஸ்கி: ஆட்டுக்குட்டி நலம். போன வாரம் சோஷியல் நோட்டையும் தின்றுவிட்டதாகத் தகவல்.